வடசென்னை போர்டு வீடுகளைப் படமெடுக்கப் போகிறவர்களுக்கு

தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு போர்டு குடியிருப்பு, அதாவது அரசு வாரியம் கட்டிய மாடி வீடுகள். ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழரை மணி. டிரைபாடை விரித்து, கேமராவை மாட்டி, மட்டம் பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் அப்போதுதான் மூன்றாம் மாடி ஜாலியில் (காற்றுக்காக ஓட்டை விட்ட சிமெண்ட் தடுப்பு) ஏறியிருந்தது. பின்னாலிருந்து ஒரு குரல்: “இன்னா சார், அளக்க வந்தியா?”

“இல்லக்கா, சும்மா படம் எடுக்குறேன்” என்றேன். அந்தச் ‘சும்மா’தான் வினை. “சும்மா எவன் சார் எங்க வூட்ட படம் புடிப்பான்? போன தபா இப்புடித்தான் ரெண்டு பேரு வந்து புடிச்சினு போனாங்கோ. அடுத்த மாசம் காலி பண்ணச் சொல்லி நோட்டீசு.” ஐந்து நிமிடத்தில் இருபது பேர் கூடிவிட்டார்கள். ஓர் அண்ணன் என் கேமராப் பையைத் தூக்கித் தன் திண்ணையில் வைத்துக்கொண்டார். பத்து மணிக்கு நான் காவல் நிலைய பெஞ்சில் இருந்தேன். அன்றைக்கு எடுத்த படம் மூன்று. மூன்றும் சாய்ந்திருந்தன.

அதற்குப் பிறகு ஒன்றரை வருடத்தில் ஐந்து குடியிருப்புகளை முழுதாக எடுத்துவிட்டேன். அந்த முதல் இடத்தையும் சேர்த்துத்தான். நான் பட்டது நீங்கள் பட வேண்டாம் என்று இதை எழுதுகிறேன். கட்டடக் கலை மாணவர்கள், புதிதாகக் கேமரா வாங்கியவர்கள், ‘பழைய சென்னை’ என்றால் மயிலாப்பூர்க் கோபுரமும் ஜார்ஜ் டவுன் சிவப்புக் கட்டடமும்தான் என்று நினைத்துச் சலித்தவர்கள், எல்லோருக்கும் இது உதவும்.

எதைப் படமெடுக்கிறோம் என்பதை மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குடிசை மாற்று வாரியம் 1970இல் தொடங்கியது. 2021இல் அதன் பெயர் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. தீ பிடிக்காத கூரை, ஒவ்வொரு வீட்டுக்கும் காற்றும் வெளிச்சமும், இருந்த இடத்திலேயே மாடி வீடு: ஆரம்ப காலக் கட்டடங்களின் கணக்கு இதுதான். அலங்காரம் கிடையாது. நேர்க்கோடு, சன்ஷேட், சிமெண்ட் ஜாலி, பொதுத் தாழ்வாரம். ஐரோப்பாவில் ‘நவீனக் கட்டடக் கலை’ என்று பேசியது இங்கே வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் கைக்கடக்கமாக வந்து இறங்கியது. ‘ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்’ என்பது வாரியத்தின் வாசகம். அந்த வாக்குறுதியில் எவ்வளவு நிறைவேறியது, எவ்வளவு இல்லை என்பது இந்தக் கட்டடங்களின் சுவரிலேயே தெரிகிறது. அதனால்தான் படமெடுக்கத் தகுந்தவை.

1. கட்டடம் யாருடையது என்று முதலில் பாருங்கள்

வடசென்னையில் யாரைக் கேட்டாலும் ‘ஹவுசிங் போர்டு’ என்றுதான் சொல்வார்கள். அதை நம்பிக் கடிதம் எழுதாதீர்கள். வாழ்விட மேம்பாட்டு வாரியம் வேறு, வீட்டு வசதி வாரியம் வேறு. மாநகராட்சி ஊழியர் குடியிருப்பு, ரயில்வே குடியிருப்பு, சுனாமிக்குப் பிறகு கட்டிய குடியிருப்பு என்று இன்னும் பல வகை உண்டு. நான் வாரியம் மாற்றிக் கடிதம் கொடுத்து ஐந்து வாரம் காத்திருந்தேன். தப்பு என்னுடையதுதான். நுழைவாயில் பக்கம் திறப்பு விழாக் கல்வெட்டு இருக்கும். சுண்ணாம்பு மூடியிருந்தால் விரலால் தடவிப் படியுங்கள். அதில் துறையின் பெயரும் தேதியும் இருக்கும். கல்வெட்டே இல்லையென்றால் வீட்டுக்காரர்களிடம் ‘ஒதுக்கீட்டு ஆணை யார் கொடுத்தது?’ என்று கேளுங்கள். உடனே சொல்லிவிடுவார்கள். அந்தக் காகிதத்தை டிரங்குப் பெட்டியில் பத்திரமாக வைத்திருப்பார்கள்.

பெரம்பூர் ஐ.சி.எஃப். 1955இல் தொடங்கிய தொழிற்சாலை. அதைச் சுற்றியுள்ள குடியிருப்பும் அந்தக் காலத்து நல்ல கட்டடங்கள்தான். ஆனால் அது ரயில்வே நிலம். தொழிற்சாலைப் பக்கம் அனுமதியில்லாமல் கேமராவைத் திருப்பவே கூடாது. குடியிருப்பை எடுக்கவும் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். முதல் முயற்சியாக இதை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

துறைமுகம், எண்ணூர் மின்நிலையங்கள், மணலி ஆலைகள் பக்கம் போகவே வேண்டாம். தடை செய்யப்பட்ட இடங்களுக்கு 1923ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டம் பாயும். ‘கட்டடக் கலை ஆர்வம்’ என்று சொல்லித் தப்பிக்க முடியாது. காசிமேட்டில் குடியிருப்பை எடுக்கும்போதும் படத்துக்குள் பின்னணியாகத் துறைமுகம் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கட்டடத்தைப் படமெடுத்தால் பதிப்புரிமைப் பிரச்சினை வருமா என்று மாணவர்கள் கேட்கிறார்கள். வராது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 52ஆம் பிரிவு, கட்டடத்தைப் படமெடுப்பதையும் அந்தப் படத்தை வெளியிடுவதையும் மீறலாகக் கருதவில்லை. உங்கள் தலைவலி வேறு இடத்தில் இருக்கிறது.

2. கேமரா இல்லாமல் இரண்டு முறை போய் வாருங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிக் குதிக்கிறார்கள். நானும் குதித்தேன்.

முதல் தடவை வார நாளில், சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் போங்கள். வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ 2021 முதல் ஓடுவதால் தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் எல்லாம் இப்போது சுலபம். வியாசர்பாடிக்கு மின்சார ரயிலில் வியாசர்பாடி ஜீவாவில் இறங்கலாம். குடியிருப்பு வாசலில் கட்டாயம் ஒரு டீக்கடை இருக்கும். அங்கே உட்காருங்கள். டீ குடிப்பதற்குள் நாலு பேர் உங்களை அளந்துவிடுவார்கள். ‘யாரைப் பாக்கணும் தம்பி?’ என்று கேள்வி வரும். அப்போது சொல்லுங்கள், இந்தக் கட்டடத்தைப் படமெடுத்து வைக்க ஆசை, அதுக்கு யாரைக் கேக்கணும் என்று. அவர்கள் சொல்லும் பெயர்தான் உங்களுக்கு வேண்டும்.

அது பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும்: குடியிருப்போர் நலச் சங்கத் தலைவர், கட்சியின் வட்டச் செயலாளர், அல்லது முதல் நாளிலிருந்து அங்கே இருக்கும் ஓர் ஆயா. மீனவர் பகுதி என்றால் ஊர்ப் பஞ்சாயத்து. என் அனுபவத்தில் ஆயாதான் எல்லாவற்றுக்கும் மேல். வட்டச் செயலாளர் சரி என்றாலும் ஆயா ‘வேணாம்’ என்றால் முடிந்தது கதை.

ஒரு கட்சிக்காரரோடு மட்டும் போய் நிற்காதீர்கள். அடுத்த பிளாக் வேறு கட்சியாக இருக்கும்.

இரண்டாவது தடவை காலையில் போங்கள். எந்தப் பக்கம் வெயில் விழுகிறது, தண்ணீர் லாரி எப்போது வருகிறது, பிள்ளைகள் எப்போது பள்ளிக்குக் கிளம்புகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வரும் நேரத்தில் யாரிடமும் பேச்சுக் கொடுக்காதீர்கள். குடம் வரிசையில் இருப்பவரிடம் கட்டடக் கலை பேசிப் பாருங்கள், தெரியும்.

3. கடிதம்: தமிழில், இரண்டு நகல், முத்திரையோடு

பொதுச் சாலையில் நின்று முகப்பை எடுப்பதற்கு யாரும் கடிதம் கேட்க மாட்டார்கள். வளாகத்துக்குள் போய், மாடிப்படி ஏறி, தாழ்வாரத்தில் டிரைபாட் வைக்க வேண்டுமென்றால் காகிதம் இருப்பது நல்லது. காகிதம் கதவைத் திறக்காது. ஆனால் கேள்வி வரும்போது நீட்ட ஒன்று கையில் இருக்கும்.

வாரியத்தின் தலைமை அலுவலகம் காமராசர் சாலையில், மெரினாவை ஒட்டி இருக்கிறது. ஆனால் உங்கள் கட்டடத்தைப் பார்த்துக்கொள்வது ஒரு கோட்டத்தின் செயற்பொறியாளர். கடிதத்தை அவருக்கு எழுதி, நகலைத் தலைமை அலுவலகத்துக்குக் கொடுங்கள். எந்தக் கோட்டம் என்பது குடியிருப்புக்கு வந்துபோகும் உதவிப் பொறியாளரைக் கேட்டால் தெரியும்.

முதலில் நான் ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் எழுதினேன். ‘சமூக இலட்சியங்களின் காட்சி ஆவணம்’ என்றெல்லாம் இருந்தது. அதை வாங்கிய ஊழியர் மூன்று தடவை படித்துவிட்டு, “சார், இது ஷூட்டிங்கா, சர்வேயா?” என்றார். இரண்டுமே இல்லை என்று அவருக்குப் புரிய வைக்க முடியவில்லை. பிறகு இப்படி மாற்றினேன்:

‘நான் இன்னார். இன்ன திட்டப் பகுதியில் உள்ள இன்ன பிளாக்குகளின் வெளித்தோற்றம், மாடிப்படி, பொதுத் தாழ்வாரம் ஆகியவற்றைச் சொந்தச் செலவில் புகைப்படம் எடுக்க விரும்புகிறேன். இது வணிக நோக்கத்துக்கோ கணக்கெடுப்புக்கோ அல்ல. குடியிருப்போர் சம்மதமில்லாமல் வீட்டுக்குள் எடுக்கமாட்டேன். தேதி இன்ன முதல் இன்ன வரை.’

அவ்வளவுதான். அரைப் பக்கம். கூடவே அடையாள அட்டை நகல் வையுங்கள், ஆதார் என்றால் எண்ணை மறைத்த நகல். மாணவர் என்றால் துறைத் தலைவரின் கடிதமும் வேண்டும். தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் கைநகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள். ஒரு வாரம் கழித்துப் போய் ந.க. எண் (அலுவலகத்தில் உங்கள் கடிதத்துக்குப் போடும் எண்) கேட்டு வாங்குங்கள். அந்த எண் இல்லாமல் எந்த மேசையிலும் உங்கள் காகிதத்தைத் தேட முடியாது.

எனக்குப் பதில் வந்தது ஒரு இடத்துக்கு மூன்று வாரத்தில், இன்னொரு இடத்துக்கு இரண்டரை மாதத்தில். ஒரு இடத்துக்கு வரவே இல்லை. அங்கே முத்திரை வாங்கிய நகலையும் சங்கத் தலைவரின் கையெழுத்தையும் வைத்துக்கொண்டு எடுத்தேன்.

அந்த நகலில் இன்னொரு படியெடுத்து உள்ளூர்க் காவல் நிலையத்தில் கொடுத்துவிடுங்கள். அனுமதி கேட்டு அல்ல, தகவலாக. ‘தங்கள் மேலான தகவலுக்காக’ என்று மேலே எழுதினால் போதும். அனுமதி கேட்டால் யாரோ ஒருவர் மறுத்தாக வேண்டியிருக்கும்.

4. பத்து ரூபாயில் கட்டடத்தின் ஜாதகம்

கட்டிய வருடம், வீடுகளின் எண்ணிக்கை, ஒரு வீட்டின் பரப்பு, வரைபடம்: இவை இல்லாமல் எடுத்த படம் வெறும் படம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய். தமிழ்நாட்டு அலுவலகங்களுக்கு நீதிமன்றக் கட்டண வில்லையை (கோர்ட் ஃபீ ஸ்டாம்ப்) மனுவில் ஒட்டி அனுப்பலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். பெரிய வரைபடத்துக்கு அதற்கான செலவைத் தனியாகக் கேட்பார்கள்.

பொறி ஒன்று இருக்கிறது. ‘ஏன் பராமரிக்கவில்லை?’, ‘இடிக்கப் போகிறீர்களா?’ என்று கேட்காதீர்கள். ஆவணத்தில் இருப்பதை மட்டும்தான் தருவார்கள். ‘இன்ன திட்டப் பகுதியின் தரைத்தள வரைபட நகல் தருக’ என்று கேளுங்கள். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. எனக்கு ஒரு வரைபடம் மேல்முறையீட்டில்தான் வந்தது, அதுவும் ஓரம் கிழிந்த பழைய தாளின் நகல். அதைப் பார்த்த பிறகுதான் இப்போது சைக்கிள் நிற்கிற இடம் முதலில் பிள்ளைகள் விளையாட விட்ட திறந்த முற்றம் என்று தெரிந்தது. என் படங்களில் பாதி அந்த முற்றத்திலிருந்து எடுத்தவை.

மனுவைக் கடிதத்தோடு ஒரே நாளில் போட்டுவிடுங்கள். இரண்டும் சேர்ந்து ஓடட்டும்.

5. வெயிலைக் கணக்குப் போடுங்கள்

சென்னை 13 பாகை வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்கில் மதிய வெயில் நேர் உச்சியில் நிற்கும். அந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவில் மதியச் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும். மற்ற மாதங்களில் தெற்கே. இது எதற்கு என்றால், வடக்குப் பார்த்த முகப்பில் வெயில் சரியாக விழுவது மே முதல் ஜூலை வரைதான். ஜூன் மாதம் காலையில் வடக்குச் சுவரின் மேல் வெயில் உரசிக்கொண்டு போகும். சன்ஷேட்டின் நிழல் நீளமாக இறங்கும். டிசம்பரில் அதே சுவர் நாள் முழுக்கச் செத்துக் கிடக்கும். நான் டிசம்பரில் போய் நான்கு விடுமுறை நாளைத் தொலைத்தேன்.

கிழக்குப் பார்த்த கட்டடங்கள் சுலபம். கடல் பக்கம் மறைப்பு இல்லாததால் உதித்த அரை மணியில் வெயில் நேராக அடிக்கும். ஜூனில் 5.45க்கு முன்பே உதயம், ஜனவரி கடைசியில் 6.35 ஆகிவிடும். காலை எட்டரைக்கு மேல் சுண்ணாம்புச் சுவர் கண்ணைக் கூசும். ஜாலியின் ஓட்டைகள் கறுப்பாகவும் சுவர் வெறும் வெள்ளையாகவும் பதிவாகும்.

அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் வரை மழை. வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். மேகமூட்டத்தில் தாழ்வாரத்தின் உள்ளும் வெளியும் ஒரே வெளிச்சமாகக் கிடைக்கும். ஆனால் தரைத்தளத்தில் தண்ணீர் நிற்கும் வீடுகளின் எதிரே நின்று பிரதிபலிப்பு அழகாக இருக்கிறது என்று படம் எடுத்தால், வாங்கிக் கட்டிக்கொள்வீர்கள். நியாயம்தான்.

6. சாமான்: குறைவாக

கட்டடக் கோடுகளை நேராக்கும் விலை உயர்ந்த சாய்வு லென்ஸ் (டில்ட்-ஷிஃப்ட்) தேவையில்லை. 24 மி.மீ. லென்ஸ் போதும். கணக்கைச் சொல்கிறேன். தரைத்தளமும் மூன்று மாடியும் சுமார் 12 மீட்டர் உயரம். முழுச் சட்ட (ஃபுல் ஃபிரேம்) கேமராவை நெட்டுவாக்கில், சாய்க்காமல் பிடித்தால் முழுக் கட்டடமும் வர 14 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். படுக்கைவாக்கில் என்றால் 21 மீட்டர். அவ்வளவு இடம் பிளாக்குகளுக்கு நடுவில் இருக்காது. உடனே எல்லோரும் கேமராவை மேலே தூக்குகிறார்கள், கட்டடம் பின்னால் மல்லாக்கச் சாய்கிறது. பதிலாக எதிர் பிளாக்கின் மாடிப்படித் திருப்பத்தில், ஒன்றாம் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவே போய் நில்லுங்கள். கட்டடத்தின் பாதி உயரத்தில் இருப்பீர்கள். 12 மீட்டர் தூரத்திலேயே படுக்கைவாக்கில் முழுதும் வந்துவிடும். கோடுகள் நேராக நிற்கும். செல்போனில் எடுப்பவர்களுக்கும் இதே வழிதான்: கட்டக் கோடுகளைப் போட்டுக்கொண்டு, மிக அகல லென்ஸைத் தொடாமல், பாதி உயரத்துக்கு ஏறுங்கள்.

டிரைபாடை முதல் நாள் கொண்டுபோகாதீர்கள். மூன்று கால் என்றாலே சர்வே என்றுதான் அர்த்தம். அளக்கும் டேப்பும் அப்படியே.

டிரோன் வேண்டாம். 2021 டிரோன் விதிகள், அரசின் டிஜிட்டல் ஸ்கை தளத்தின் வான்வெளி வரைபடம் எல்லாம் ஒரு பக்கம். மொட்டை மாடியில் பெண்கள் தலை காய வைத்துக்கொண்டிருப்பார்கள், மூன்றாம் மாடிச் சன்னலுக்குத் திரை இருக்காது. அதுவே போதுமான காரணம்.

கடலோரம் என்றால் உப்புக் காற்று. வீட்டுக்கு வந்ததும் லென்ஸைத் துடைத்து, ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு டப்பாவில் வையுங்கள். ஏசி அறையிலிருந்து நேராக வெளியே வந்தால் கண்ணாடி வியர்க்கும். இருபது நிமிடம் பைக்குள்ளேயே விடுங்கள்.

மொட்டை மாடி, பால்கனி, தாழ்வாரத்தின் கைப்பிடிச் சுவர்: சாய்வதற்கு முன் அண்ணாந்து பாருங்கள். கம்பி தெரிந்தால் கீழே நிற்காதீர்கள். 2021 டிசம்பரில் திருவொற்றியூரில் 24 வீடுகள் கொண்ட பிளாக் இடிந்து விழுந்தது. விரிசலைக் கண்டு முன்பே வெளியேறியதால் யாரும் சாகவில்லை. அங்கே குடியிருப்பவர்கள் ‘அந்தப் பக்கம் போகாத தம்பி’ என்று சொன்னால் போகாதீர்கள். அவர்களுக்குக் கட்டடம் பேசும் சத்தம் தெரியும்.

7. எதை எடுப்பது

பிரான்ஸின் மார்சேயில் கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியேயின் பெரிய குடியிருப்புக் கட்டடத்தை 1949இல் புகைப்படக்காரர் லூசியன் ஹெர்வே ஒரே நாளில் 650 படம் எடுத்தார். நிழலும் கான்கிரீட்டும் துண்டு துண்டாக, பிரமாதமான படங்கள். கல்லூரியில் அதைப் பார்த்துவிட்டு நானும் அப்படியே எடுக்க ஆசைப்பட்டேன். ஒன்றை மறந்துவிட்டேன். அந்தக் கட்டடம் முடிந்தது 1952இல். ஹெர்வே போனபோது அங்கே யாரும் குடிவரவில்லை. ‘யாரு நீ?’ என்று கேட்க ஆளில்லை. நாம் போகிற இடத்தில் ஐம்பது வருடமாகக் குடித்தனம் நடக்கிறது.

இன்னொரு பக்கப் பொறி, பாழடைந்த அழகு. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் புரூயிட்-ஐகோ என்று 33 கட்டடங்கள், ஒவ்வொன்றும் 11 மாடி. 1972இல் அவற்றைத் தகர்க்கத் தொடங்கிய படம் உலகம் முழுக்கப் போய், ஏழைகளுக்கு மாடி வீடு என்ற யோசனையே தப்பு என்று பேர் வாங்கிக் கொடுத்தது. பராமரிப்புக்குக் காசில்லாமல் விட்டது அந்தப் படத்தில் தெரியவில்லை. பாசி படிந்த குழாய், உதிர்ந்த பூச்சு, குப்பை என்று மட்டும் எடுத்து வந்தால் நீங்களும் அந்த வேலையைத்தான் செய்கிறீர்கள். ‘இடிச்சிட்டு ஆள ஊருக்கு வெளிய அனுப்பு’ என்பவர்களுக்கு அந்தப் படம் வசதி.

ஒரே ஒரு தாழ்வாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நான் பன்னிரண்டு நாள் போன தாழ்வாரம் இரண்டாம் மாடியில் இருக்கிறது. அகலம் மூன்றே முக்கால் அடி. எட்டு வாசல். வாசலுக்கு ஒரு கோலம், ஆனால் நடக்கிற பாதையை விட்டு, சுவரோரம் ஒரு முழ அகலத்தில் ஒடுங்கிய கோலம். அந்த இடத்துக்கென்றே பிறந்த கோலம் அது, வேறெங்கும் நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு வாசலுக்கும் வலப்பக்கம் நீல டிரம், அதன் மேல் பலகை, பலகை மேல் துளசித் தொட்டியோ கேஸ் அடுப்போ. கோடியில் படிக்கட்டுத் திருப்பத்தில் கேரம் போர்டு, மேலே தொங்கும் பல்பு. ராத்திரி எட்டு மணிக்கு அந்தத் திருப்பம்தான் அந்த மாடியின் மன்றம். வரைபடத்தில் அதற்குப் பெயர் வெறும் ‘படிக்கட்டு’.

ஜாலியைப் பாருங்கள். வரைந்தவர் காற்றுக்காக வைத்தார். நாலு வீட்டில் அப்படியே இருக்கிறது. இரண்டு வீட்டில் எலிக்குப் பயந்து வலை. ஒரு வீட்டில் நாலு கல்லைப் பெயர்த்துக் கூலர். ஒரு வீட்டில் மொத்தமும் அடைத்துச் சாமி மாடம். கட்டடக் கலைஞர்கள் இதைப் பார்த்து ‘கெடுத்துவிட்டார்கள்’ என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதல் வரைபடம் போட்டது பொறியாளர், இரண்டாவதைப் போட்டது குடியிருப்பவர். இரண்டும் ஒரே படத்தில் வருகிற மாதிரி நில்லுங்கள்.

நான் எடுக்கிற வரிசை இது. முழு முகப்பு, மட்டமாக, ஆளோடு. அடுத்து அதே இடத்திலிருந்து சாயங்காலம், விளக்குப் போட்ட பிறகு. பிறகு படிக்கட்டு, தாழ்வாரம், ஜாலி, தண்ணீர் பிடிக்கும் இடம், எண் எழுதிய சுவர். கடைசியில்தான் வீட்டுக்குள், அதுவும் கூப்பிட்டால். ஒரு பிளாக்குக்கு நாற்பது படத்துக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை.

தள்ளிப் போடாதீர்கள். புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் பழைய பிளாக்குகள் போய்ப் பல மாடிக் கட்டடம் வந்துவிட்டது. டெல்லியில் கட்டடக் கலைஞர் ராஜ் ரேவாலின் ஹால் ஆஃப் நேஷன்ஸ் என்ற பெயர்பெற்ற மண்டபத்தையே 2017 ஏப்ரலில் இடித்துத் தள்ளினார்கள். நம் பிளாக்குகளுக்காக வழக்குப் போடக்கூட ஆள் வராது.

8. ஆட்கள், சம்மதம், குறிப்பு

முகம் தெரிகிற படத்துக்குச் சம்மதச் சீட்டு வாங்குங்கள். ஒரு பக்கத்தில் நாலு வரி, பெரிய எழுத்தில்: படம் எதற்கு, எங்கே வரும், பிடிக்கவில்லை என்றால் நீக்கிவிடலாம், கூப்பிட வேண்டிய எண். வாசித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள். பிள்ளைகள் என்றால் அம்மா அல்லது அப்பாவிடம். பிள்ளைகள் கேமரா முன் குதித்து வருவார்கள், அது சம்மதம் ஆகாது.

கொடியில் காயும் துணி, கதவு திறந்த குளியலறை, வீட்டு எண், வண்டி எண்: வெளியிடும் முன் ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

படக் குறிப்பில் ‘சேரி’, ‘ஸ்லம்’ என்று எழுதாதீர்கள். அவர்கள் சொல்வது பிளாக், ஏரியா, நகர். அதையே எழுதுங்கள். பிளாக் எண், எடுத்த தேதி, கட்டிய வருடம், எந்தத் திசை பார்த்த முகப்பு என்பவை போதும்.

பணம் கொடுத்துப் படம் எடுக்காதீர்கள். ஒரு வீட்டுக்குக் கொடுத்தால் ஏழு வீட்டுக்குப் பதில் சொல்ல வேண்டும். டீ, பிஸ்கட், பிரிண்ட் போதும்.

9. செலவும் காலமும்

ஒரு குடியிருப்புக்கு என் நோட்டில் இருக்கிற கணக்கு: தகவல் மனுவும் நகலும் தபாலும் 120 ரூபாய். கடிதங்களுக்கு ஜெராக்ஸ் 60. பன்னிரண்டு நாள் போக்குவரத்து 900. டீக்கடை 700 (இதில் கஞ்சத்தனம் கூடாது). 62 பிரிண்ட், ஒன்று 12 ரூபாய் வீதம், 744. மொத்தம் 2,524. கேமரா என்னுடையது, லென்ஸ் நண்பனுடையது. வாடகைக்கு எடுப்பதாக இருந்தால் கடிதத்துக்குப் பதில் வந்த பிறகு எடுங்கள். நான் பதில் வருவதற்கு முன்னால் எடுத்து, மூன்று நாள் வாடகையை வீட்டு அலமாரிக்குக் கட்டினேன்.

காலம் நாலு மாதம் வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு மாதம் காகிதமும் டீயும். படம் எடுப்பது மூன்றாவது மாதம்.

10. பிரிண்ட்

படத்தில் வந்தவர்கள் எல்லோருக்கும் பிரிண்ட் கொடுங்கள். வாட்ஸப்பில் அனுப்புவது வேறு, இது வேறு. என் பையைத் தூக்கி வைத்துக்கொண்ட அந்த அண்ணனுக்கு அவருடைய பிளாக்கின் முழு முகப்பைப் பெரிதாகப் போட்டுக் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “இவ்ளோ நேராவா கீது எங்க பில்டிங்கு?” என்றார். இப்போது அது சங்க அறையில், கேரம் கோப்பைகளுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது.

பிரிண்டின் பின்பக்கம் தேதியும் பிளாக் எண்ணும் எழுதிவிடுங்கள். மறுகுடியமர்வுப் பேச்சு வரும்போது அதையும் ஒதுக்கீட்டு ஆணையோடு சேர்த்து எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். கொடுக்கப் போவதென்றால் ராத்திரி ஏழரைக்கு மேல் போங்கள். அதற்கு முன் போனால் பாதி வீடு பூட்டியிருக்கும், பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வர வேண்டாம், மாறிப் போகும்.